தலைமேல் வைத்த கை

விடிவதற்குள் வெங்காயம் வதங்கும் மணம் மாடி முழுக்கப் பரவிவிட்டது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளர் வரும் நாளில் எஸ்லினின் மாமியார் கிருபாராணி அத்தை இருட்டிலேயே எழுந்து பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிடுவாள். வருகிறவர் வயிறு நிறைந்தால் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் நிறையும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

வீடு என்றால் வீடு மட்டுமல்ல. கீழே பள்ளி, மேலே குடும்பம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த நாளிலிருந்து எஸ்லினுக்கு வேலைக்குப் போவதும் வீடு திரும்புவதும் ஒரே படிக்கட்டுதான். கேட்டைத் தாண்டாமலே வாரங்கள் ஓடிவிடும். வெளியே சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடிப்பதை மாடி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டே அவள் கெமிஸ்ட்ரி பாடத்துக்குத் தயாராவாள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அவள் தேர்வாகியிருக்கும் விஷயம் போன வாரம் வீட்டில் தெரிந்துபோனது. யாரும் திட்டவில்லை. பள்ளியின் கரஸ்பாண்டன்ட்டான மாமனார் யேசுராஜ் சாப்பாட்டு மேசையிலேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் செலுத்தினார். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டார். அவளுடைய சான்றிதழ்களைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை.

அந்தப் பள்ளியில் சேரும் ஆசிரியர்கள் அசல் சான்றிதழ்களை ஆபீஸ் பீரோவில் ஒப்படைக்க வேண்டும். நடு வருஷத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது அல்லவா. ஊரில் பல இடங்களில் உள்ள வழக்கம்தான். மருமகளுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, தாலியின் மஞ்சள் மங்குவதற்குள் எஸ்லினுடைய ஃபைலையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார் யேசுராஜ். சாவி அவர் பெல்ட்டில் தொங்கும்.

நாளைக் காலையில் கிருஷ்ணகிரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். சாமல்பட்டி அரசுப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, அந்த ஊரைப் பார்க்காமலே அதன் தெருக்களில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

வாங்கித் தருகிறேன், வாங்கித் தருகிறேன் என்று வாரம் முழுக்கச் சொல்லிவந்த கணவன் ரெக்ஸ் இப்போது கையில் காபியோடு வந்து நின்றான். பள்ளியின் வேன்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்பவன். அப்பா முன்னால் மட்டும் அவனுக்குக் குரல் தணிந்துவிடும்.

"அப்பா தர்றேன்னுதான் சொல்றாரு," என்றான். "சாயந்திரம் அவரே எடுத்துக் குடுப்பாராம். பிள்ளைங்கள நல்லபடியா ஆசீர்வாதம் பண்ணி உள்ள அனுப்பிடச் சொன்னாரு. அவ்ளோதான்."

அந்த அவ்வளவில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

போன வருஷம் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி ஜாக்சன் சார் தொடங்கிவைத்த வழக்கம் அது. தேர்வுக்கு முன் ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளும் நூலக அறையில் கண்ணை மூடி நிற்பார்கள். கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து தலைமேல் கைவைத்து ஆசீர்வாதம் சொல்வார். அதன் வாலில், ஆமெனுக்குச் சற்று முன்னால், அந்தப் பிள்ளை தேர்வில் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய உப்பின் பெயர் இருக்கும். ரிஜிஸ்டர் எண் வரிசைப்படிதான் உப்புப் பாட்டில்கள் அடுக்கியிருக்கும். ஆகவே தவறாது. துண்டுச்சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. கர்த்தர் உன்னைக் காப்பாராக, லெட் நைட்ரேட், ஆமென். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் கயிற்றோடு வரும் பிள்ளைகள்கூட அன்று மட்டும் பயபக்தியோடு தலையைக் குனிந்து கொடுப்பார்கள்.

"நான் அதச் செய்ய மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள் எஸ்லின்.

ரெக்ஸ் காபியை மேசையில் வைத்தான். "தெரியும். அதான் ஒரே ஒரு நாள்னு கேக்கறேன்."

அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வால் தேவையே இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

ஜாக்சன் சார் காலத்தில் ஆய்வகக் கதவு தேர்வுக்கு மட்டுமே திறந்தது. எஸ்லின் பிளஸ் டூ எடுத்த இந்த ஒரு வருஷமாக அது பூட்டப்படவே இல்லை. அப்பாக்கள் வேலை செய்யும் கம்பெனிகளிலிருந்து துருப்பிடித்த போல்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள். எது எதில் ஊறவைத்தால் துரு போகிறது என்று பிள்ளைகளே பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு போர் தண்ணீரிலும் சோப்பு எவ்வளவு நுரைக்கிறது என்று குலுக்கிப் பார்த்ததில், பாதி ஓசூரின் தலைமுடி ஏன் கொட்டுகிறது என்று பெண்களுக்கு விளங்கியது. மயில்துத்தக் கரைசலில் போட்ட பிளேடு செம்பு பூசிக்கொண்டு செக்கச்செவேலென்று வெளியே வந்தபோது மாதவன் எழுந்து, இதை அடகுக் கடையில் வைக்க முடியுமா மிஸ் என்று கேட்டான். முடியும், ஆனால் கடைக்காரனும் கெமிஸ்ட்ரி படித்திருக்கக் கூடாது என்றாள் அவள். அன்று வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்து யூகேஜி குழந்தைகள் விழித்துக்கொண்டன.

தொரப்பள்ளிப் பக்கமிருந்து வரும் மாதேஸ்வரிதான் பேசவே மாட்டாள். அவள் அம்மா சென்னம்மா ரோஜா வளர்க்கும் பசுமைக் குடிலில் கூலி வேலை செய்பவள். இலை மஞ்சளடித்தால் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க அங்கே ஒரு வெள்ளைப் பொடி கொடுப்பார்களாம். அதில் ஒரு சிட்டிகையை மாதேஸ்வரி ஒருநாள் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். அது என்னவென்று சொல்லாமல் எஸ்லின் அவளையே சோதிக்க விட்டாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் மதியச் சோற்றை ஆய்வக வாசலில் நின்றபடி விழுங்கினாள். கடைசியில் மெக்னீசியம் சல்பேட் என்று கண்டுபிடித்ததும் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள். "எங்கம்மா தெனமும் கையில அள்ளறது இதானா மிஸ்?"

சோதனையில் கண்டதை எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால் எஸ்லின் வகுப்பில் மதிப்பெண் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள்தான் இப்போது நூலக அறையின் நடுவில் நின்றாள்.

காலை பேட்ச் கண்ணை மூடிக் காத்திருந்தது. வாசலில் யேசுராஜும் கண்ணை மூடி, உதடு அசைய நின்றிருந்தார்.

முதல் தலையில் கையை வைத்தாள். காப்பாராக என்பதுவரை வந்துவிட்டது. வெளியே எங்கோ பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். சாமல்பட்டி. ஃபைல். நாளை. "ஜிங்க் சல்பேட்," என்றாள் காற்றோடு காற்றாக.

முதல் பெயர்தான் தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. அடுத்தவை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தன. அதில்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஒரு பையன் கண்ணைத் திறந்து அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். நீங்களுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எக்ஸ்டர்னலாக வந்தவர் காவேரிப்பட்டினம் அரசுப் பள்ளி ஆசிரியர் திருமலை. ஒல்லியான மனிதர். அழைத்துவர ரெக்ஸ் கார் அனுப்பியும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். காலை பேட்ச் ஒரு சிக்கலுமில்லாமல் முடிந்தது. மதியம் பிரியாணிக்கு இலை போட்டதும் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கும்பிட்டுவிட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். யேசுராஜ் முட்டையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் வேண்டாமாம். ஆய்வகத்துப் பக்கத்து அறையில் தனியாகவே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இப்படி ஓர் ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று லேப் உதவியாளர் கங்கப்பன் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே இலையை மடித்தார்.

மதிய பேட்ச். மாதேஸ்வரியின் தலையில் கைவைத்தபோது தேங்காயெண்ணெயின் ஈரம் விரலில் ஒட்டியது. "அமோனியம் குளோரைடு," என்றாள் எஸ்லின். அந்தத் தலை லேசாக அதிர்ந்தது. அடுத்து நின்ற மாதவனுக்கு மெக்னீசியம் சல்பேட். அவன் ஆமென் சொல்லாமல் கொட்டாவி விட்டான்.

உள்ளே பர்னர்கள் எரியத் தொடங்கின. எஸ்லின் மேசை மேசையாக நடந்தாள். மாதேஸ்வரி உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சுடவைத்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறினாள். மறுபடி சுடவைத்தாள். மறுபடி விசிறினாள். அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை டெஸ்ட் டியூபின் வாயருகே காட்டினாள். அமோனியத்துக்கு வர வேண்டிய நெடியும் இல்லை, வெண்புகையும் வரவில்லை. நிமிர்ந்து எஸ்லினைப் பார்த்தாள்.

பதற்றம் என்று எஸ்லின் நினைத்தாள். புன்னகைத்து, சரியாகத்தான் இருக்கிறது, எழுது என்று தலையசைத்தாள்.

மாதேஸ்வரி குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாதவன் மேசையிலிருந்து இருமல் கேட்டது. கோழிப்பண்ணைக்குள் தலையை விட்டவன்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு டெஸ்ட் டியூபைத் தள்ளிப் பிடித்திருந்தான். எஸ்லின் அவனைக் கடந்து இரண்டடி போனபிறகுதான் அது உறைத்தது. அவனுக்குச் சொன்ன உப்பில் அந்த அமோனியா நெடி வரக் கூடாது.

திரும்பினாள். மாதேஸ்வரி அதற்குள் விடைத்தாளைக் கொடுத்துவிட்டாள்.

தேர்வு முடிந்து எல்லாரும் கிளம்பியபோது திருமலை அந்த இருவரை மட்டும் நிற்கச் சொன்னார். எஸ்லின் பியூரெட் ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்கார முடியவில்லை.

"உனக்கு என்னா உப்பு வந்துச்சுப்பா?" என்று மாதவனைக் கேட்டார்.

"அமோனியம் குளோரைடு சார்."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மூக்குதான் சார் சொல்லுச்சு."

அவர் சிரித்து அவனை அனுப்பிவிட்டார். மாதேஸ்வரியின் தாளை மேசைமேல் விரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நெடி இல்லை என்று எழுதியிருக்கிறாள். புகை இல்லை என்று எழுதியிருக்கிறாள். பேரியம் குளோரைடு சேர்த்ததும் அமிலத்தில் கரையாத வெள்ளை வீழ்படிவு என்றும் எழுதியிருக்கிறாள். சல்பேட் உப்புக்கு எல்லாம் சரி. ஒன்றுகூட அடித்தல் திருத்தல் இல்லை. முடிவில் மட்டும் அமோனியம் குளோரைடு.

"இந்த உப்ப முன்னாடி பாத்திருக்கியாம்மா?"

"பாத்திருக்கேன் சார். எங்கம்மா வேல செய்யற எடத்துல."

"அப்ப என்னான்னு தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் மாத்தி எழுதின?"

மாதேஸ்வரி கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். எஸ்லின் நின்ற பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று கண்ணைக் கட்டிப் போட்டிருந்தாள்.

தனியார் பள்ளிக்கு வந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது இரண்டு பாட்டில்களின் எண்ணை மாற்றி ஒட்டுவது தன் பழக்கம் என்றார் திருமலை. குரலில் பெருமை இல்லை, கோபமும் இல்லை. சொல்லிக்கொடுத்ததை எழுதும் பிள்ளைகள் சோதனையே செய்யாமல் எழுதுவார்கள். அவர்களைப் பிடிப்பது சுலபம். இப்படி எல்லாச் சோதனையும் செய்து, கண்ணால் கண்டதையும் எழுதி, கடைசி வரியில் மட்டும் வேறொருவர் பேச்சை நம்பிய பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை என்றார்.

பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தார். "முறைகேடுன்னு எழுதித்தான் ஆகணும். சொன்னவங்க பேரு தெரிஞ்சா அவங்க பேரு. தெரியலன்னா இந்தப் பொண்ணு பேரு."

ஒரு வருஷம் வீண். அந்தப் பெண்ணின் வீட்டில் இன்னொரு வருஷம் என்பது கிடையாது. ரோஜாக் குடில்தான்.

வாயைத் திறந்தால் நாளைய கிருஷ்ணகிரி இல்லை. தேர்வு முறைகேட்டில் பெயர் அடிபட்டவளுக்கு அரசு வேலையை யார் தருவார்கள்? வாழ்நாள் முழுக்க இதே படிக்கட்டு. பேசாமல் இருந்தால் சாயந்திரம் ஃபைல் கைக்கு வரும், நாளை பஸ், பிறகு சாமல்பட்டி. அங்கே புது வகுப்பில் முதல் பாடம் எடுக்கும்போது எந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பது?

"நான்தான் சார் சொன்னேன்," என்றாள்.

மாதேஸ்வரி தலையைத் தூக்கினாள். "இல்ல மிஸ், நானே..."

"சும்மா இரு. சார், அவ நெனச்சது சரி. நான் தலையாட்டினதாலதான் மாத்தி எழுதினா."

திருமலைக்கு ஆச்சரியம் எதுவுமில்லை. எழுதிக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார். எழுதினாள். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வேறோர் உப்பை எடுத்துவந்து மாதேஸ்வரியின் முன்னால் வைத்து, மறுபடி செய்யச் சொன்னார். இதற்கெல்லாம் விதியில் இடமிருக்கிறதா என்று எஸ்லினுக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

மாதேஸ்வரி செய்து முடித்தாள். சரியாகவே முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு எஸ்லினைக் கடந்து போனாள். போகும்போது வர்றேன் மிஸ் என்று தினமும் சொல்லிவிட்டுப் போகிறவள் இன்று சொல்லவில்லை. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து நின்றது.

திருமலை எஸ்லினின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பேர நாளைக்கு வர்றவங்க வரிசையில பாத்தேன். கிருஷ்ணகிரியில சர்ட்டிபிகேட் பாக்கற டீம்ல நானும் இருக்கேன்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தேர்வுக் கட்டோடு வைக்கவில்லை. "இது பாதிதாம்மா. வருஷம் பூரா சொல்லிக்குடுத்த ஒருத்தங்க, இன்னிக்கு மட்டும் தானா இதச் செய்ய மாட்டாங்க. யாரு செய்யச் சொன்னாங்கன்னு ஒரு வரி கொறையுது. நாளைக்கு அந்த வரிய எழுதி எடுத்துகினு வாங்க. அப்புறம் இத என்னா பண்றதுன்னு பாப்போம்."

டவுன் பஸ்ஸைப் பிடிக்க அவர் நடந்தே போனார்.

மாடியில் யேசுராஜ் ஹாலில் காத்திருந்தார். விஷயம் கங்கப்பன் மூலம் ஏறிவந்திருந்தது. பிரியாணிப் பாத்திரம் மேசையில் ஆறிக் கிடந்தது. அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் கத்தவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "நான் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதினியாம்மா?"

"இல்ல மாமா. நான்தான்னு மட்டும் எழுதினேன்."

மூச்சை விட்டார். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி, கீழே ஆபீசுக்கு அவரே இறங்கிப்போய், அவரே ஃபைலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் இருந்தன.

"குடுத்த வாக்க மாத்த மாட்டேன். போய்ட்டு வா," என்றார். "என்னா ஆனாலும் மனச உட்றாத. உன் லேப் உனக்கு எப்பவும் இருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஃபைல் கைக்கு வந்ததும் வாசல் திறக்கும் என்று வாரம் முழுக்க நினைத்திருந்தாள். திறக்கிற மாதிரி இல்லை.

அறைக்குள் ரெக்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். திருமலை சொன்னதை அவனிடம் மட்டும் முழுதாகச் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அப்பா பேரு வேணாம் எஸ்லின். ஸ்கூல மூடிடுவாங்க. எம்பேர எழுதிடு. காலையில நான்தான வந்து சொன்னேன்? அந்த வரிக்கு எம்பேரே போதும்."

இவ்வளவு வருஷத்தில் அவன் அவளுக்காகக் கொடுக்க முன்வந்த பெரிய பொருள் அது. அவன் மனதாரத்தான் சொல்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வேலைக்கு வேலை, குடும்பத்துக்குக் குடும்பம். எல்லாம் ஒத்துவந்துவிடும். வரி மட்டும்தான் பொய்.

"நான் எழுதினா நம்பிடுவாங்கன்னு நெனைக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"நீ எழுதினா நம்புவாங்க."

எஸ்லின் பேனாவை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளை ஃபைலின்மேல் வைத்தாள். ரெக்ஸ் எழுந்து, எழுத வாகாக இருக்கட்டும் என்று அவளுக்கு விளக்கைப் போட்டான். போட்டவன் போகவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான்.

அவன் நிழல் தாளில் விழுந்தது.

"கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள் அவள், திரும்பாமலே.